பச்சை பூசிய கிராமம்

அன்பு மகள் கனிஷ்காவுக்கு, சேரங்கோட்டிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மழை விட்டுவிட்டுப் பெய்வதால் துணிதான் காயவில்லை. அங்கே ஒடிசாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கித் திடமாக இருக்க வேண்டும், எங்கள் நினைப்பெல்லாம் அதுதான். போனில் நீ அழுதபோது எதிரில் இருந்திருந்தால் தலையைத் தடவியிருப்பேன், போனில் அது முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். மலேரியா எங்கே அதிகம் எங்கே குறைவு என்று நீ போட்ட வரைபடத்தைப் பார்த்துத்தான் சிவப்பு ஊர்களுக்குக் கொசுவலையும் மருந்தடிப்பும் போயின, காய்ச்சல் கணக்கே வராத ஒரு மலைக் கிராமத்துக்குப் பச்சை பூசியிருந்தாய், அங்கே ரத்தம் எடுக்க யாருமே போனதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது, இப்போது அந்த ஊர்ப் பெண் குழந்தை நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் டிக்கெட் போடுங்கள் என்றாய். அப்பா கடையில் பருப்பு நிறுத்தபடியே கேட்டார். "புள்ள சாப்பிட்டாளான்னு கேட்டியா" என்றார். நான் கேட்கவில்லை.

இங்கே நடந்த ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். சுகாதார ஆய்வாளர் ஷிஜோ இந்த வட்டாரத்துக்கு ஒரு வரைபடம் வைத்திருக்கிறார். மேலே இத்தலார், எமரால்டு ஊர்கள் பக்கம் குளிர் என்பதால் பயமில்லை, வெள்ளை, நம் பக்கம் வெக்கையும் ஈரமும் இருக்கிறது, ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு ஆட்கள் வந்து போகிறார்கள், அதனால் கொஞ்சம் கவனிக்க வேண்டிய மஞ்சள். தேயிலைக் கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் நம் தொழிலாளர் லயத்து வீடுகளில் காய்ச்சலே இல்லை, இங்கே வலை வேண்டியதில்லை சேச்சி என்று எங்கள் எஸ்டேட் ஆபீசுக்கு வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். நானும் அதைக் கொழுந்தெடுக்கும் ஆயம்மாளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "ஏனுங்க அம்மிணி, கொழுந்து குமிஞ்சு கிடக்கறப்ப கிலோக் கூலிய உட்டுப்போட்டு ஊசி குத்திக்க யாருங்க போவாங்க? ஞாயித்துக்கிழம வான்னு காய்ச்சல்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறமுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சரி பூட்டியிருக்கும். ஷிஜோவிடம் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது, உன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் எடை போடும் கொட்டகைக்கே வந்துவிட்டார். மூட்டையோடு வரிசையில் நிற்கிறவர்களிடம் அங்கேயே விரலில் குத்தி ரத்தம் எடுத்தார், எலையோட எங்களையுமு நிறுக்கறாருங்க என்று ஆயம்மாள் கேலி பேசினாள். ஜார்க்கண்ட் ஆட்கள் சிலருக்கும், லயத்தில் மாசமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கும் மலேரியா. மாத்திரை தொடங்கியாயிற்று, லயம் முழுவதற்கும் வலை வந்துவிட்டது. மஞ்சளை அவரே சிவப்பாக மாற்றினார்.

உன்மேல் தப்பே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லாத ஊரும் காய்ச்சலை யாரும் பார்க்காத ஊரும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும் கண்ணு. ஆனால் அந்தக் கிராமம் உன் வரைபடத்தில் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. நீ இப்போதே கிளம்பி வந்துவிட்டால் அடுத்து வருகிறவர் அந்தப் பச்சையைத்தான் நம்புவார். அந்த ஜனங்கள் சந்தைக்கு வருவார்களா, தண்ணீருக்குக் கூடுவார்களா என்று விசாரி, அங்கே போய் ரத்தம் எடுக்கச் சொல்.

டிக்கெட்டை அப்பா போட்டுவிட்டார், என் பெயரில். நான் லீவு சொல்லியாயிற்று, வருகிற வாரம் கோயம்புத்தூரில் ரயிலேறுகிறேன். உன்னோடு அந்த ஊருக்கும் வருகிறேன். பாஷை தெரியாவிட்டாலும் அந்தக் குழந்தையின் அம்மா பக்கத்தில் உட்கார எனக்குத் தெரியும். அங்கே வலை போய்ச் சேர்ந்த பிறகும் உனக்கு ஊருக்கு வரத் தோன்றினால் இருவரும் சேர்ந்தே வருவோம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம்.

அந்தக் குழந்தை கண் திறக்க வேண்டும், உன் மனசும் ஆற வேண்டும், இரண்டுக்கும் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அறையில் வலை கட்டியிருக்கிறாயா? இல்லையென்றால் இன்றைக்கே கட்டு. இரவு சாப்பிட்டாயா என்று அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
சசிகலா