பச்சை விழுந்தால் கிளியர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டன. மருத்துவமனைக்கும் ஆராய்ச்சிக் கட்டடத்துக்கும் நடுவில் இருக்கிற வராந்தா நிச்சயம் ஒரு மைல் இருக்கும். அளந்தவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு அளக்கவில்லை.

என் அட்டையில் ‘உதவியாளர்’ என்றுதான் போட்டிருக்கிறது. ‘ஆராய்ச்சி’ என்று முன்னால் போட இடம் போதவில்லை போலிருக்கிறது. கேட்பவர்களிடம் நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேலை என்ன? கர்ப்பிணிகளை அழைத்து வருவது, கட்டிலில் ஏற உதவுவது, இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கம்பி வில்லைகளை நர்ஸ் அவர்கள் வயிற்றில் ஒட்டிவிட்டுப் போனபின் அரை மணி நேரம் அவர்கள் அசையாமல் படுத்திருக்கும்படி பார்த்துக்கொள்வது. அசையாமல் வைத்திருக்கப் பேச்சுத் துணை வேண்டும். அதற்கு என்னை விட்டால் ஆள் ஏது?

மார்ச் 6, வியாழன்

டீக்கடையில் ஒருவர் கேட்டார்: “உங்க அக்கா பொண்ணு வானத்துல நட்சத்திரம் பார்க்கறவதானே? அவளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில என்ன வேலை?”

கேட்டதுதான் தாமதம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அக்கா மகள் சிட்டு முதலில் செய்தது நட்சத்திர ஆராய்ச்சி. தூரத்து நட்சத்திரம் ஒன்று கொதித்து நடுங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றி ஒரு கிரகம் இருந்தால், அதன் இழுப்பு அந்த நடுக்கத்துக்குள் மறைந்து கிடக்கும். பெரிய நடுக்கத்தைக் கழித்துச் சின்ன இழுப்பைப் பிடிக்கக் கம்ப்யூட்டருக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தாள். அதே வித்தைதான் இங்கேயும். அம்மாவின் இதயம் நட்சத்திரம், குழந்தையின் இதயம் கிரகம். அம்மாவைக் கழித்தால் குழந்தை.

அடிப்படை யோசனை என்னுடையது என்றும் சொல்லிவைத்தேன். முழுப் பொய் இல்லை. கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் நான் தும்மினாலும் அக்காவுக்குக் கேட்கும் என்று சிட்டுவின் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன்.

“காதுல பூ சுத்தாதய்யா” என்றார் அவர். ஆனாலும் டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

மார்ச் 11, செவ்வாய்

சிட்டு மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், பட்டப்பகலில். கன்னத்தில் விசைப்பலகையின் அச்சு. மாதக் கடைசியில் மேலிடத்துப் பெரியவர்கள் வந்து வேலையைப் பார்த்து, தொடரலாமா வேண்டாமா என்று சொல்வார்களாம். நல்ல பதிவுகள் இன்னும் போதவில்லை. பாதிப் பதிவுக்குத் திரையில் சிவப்புப் புள்ளிதான் விழுகிறது.

“பச்சைன்னா கிளியர் மாமா, சிவப்புன்னா மறுபடி எடுக்கணும். அவ்வளவுதான், நீங்க அதைப் பார்த்துக்கிட்டாப் போதும்” என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். பார்த்துக்கொள்கிறேன். என் கையில் பச்சை அதிகமாக விழுகிறது என்று டாக்டரம்மாவே சொன்னார். (சரியாகச் சொன்னால், ‘பரவாயில்லை’ என்றார்.)

பச்சை விழுந்ததும் நான் சொல்வேன்: “குழந்தை கிளியர்மா. ராஜா மாதிரி இருக்கு.” அந்தப் பெண்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வந்தவர்கள் திரும்பவும் வருகிறார்கள். டாக்டர் அறையில் இல்லாத ராசி நம் அறையில் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

அலுப்பு. உடம்பு முழுக்க ஈயம் ஊற்றின மாதிரி.

தையல்காரப் பெண் வந்திருந்தாள். நாலாவது முறை. முதல் பிள்ளை. வாயாடி, என் சட்டைக் காலரைப் பார்த்தாலே கத்தரிக்கோல் தேடுவாள். “இதைத் தைச்சவனைக் காட்டுங்க பெரியவரே, ரெண்டு கேள்வி கேக்கணும்” என்பாள். இன்று காலர் பக்கமே பார்க்கவில்லை. கால் வீங்கியிருந்தது.

கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னாள்: “நேத்துலேர்ந்து அசைவு கம்மியா இருக்கு. இது முடிஞ்சதும் டாக்டரம்மாவைப் பார்க்கலாம்னு இருக்கேன். வரிசையப் பார்த்தா மலைப்பா இருக்கு.”

பச்சை விழுந்தது. அப்படிப்பட்ட பச்சை நான் பார்த்ததில்லை, முதல் தடவையிலேயே.

“நட்சத்திரத்தைப் பிடிச்ச மெஷின்மா இது, உன் வயித்துல இருக்கறதைப் பிடிக்காதா? கிளியர்! பையன் தூங்கறான். வீட்டுக்குப் போய் நீயும் தூங்கு.”

சிரித்தாள். வாசல்வரை நானே தள்ளிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

நல்ல பதிவுகள் கூடிவிட்டன என்று சிட்டு சொன்னாள். நல்ல நாள்.

மார்ச் 15, சனி

எழுத உட்காரவே பிடிக்கவில்லை.

காலையில் தையல்காரப் பெண்ணை அவசரமாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். நேராக ஆபரேஷன். குழந்தை இருக்கிறது, மூச்சு இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு இருக்கிறது. ஆண் குழந்தை. நான் சொன்னபடியே ஆண் – சீ, இதை ஏன் எழுதுகிறேன்.

அசைவு குறைந்ததும் ஏன் வரவில்லை என்று டாக்டரம்மா கேட்டாராம். ஆராய்ச்சி ரூம் பெரியவர் கிளியர்னு சொன்னார் என்றாளாம்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. வராந்தாவில் நின்று கேட்டார்: “நீங்க சொன்னீங்களா?”

“பச்சை விழுந்துச்சும்மா.”

“பச்சைன்னா என்னன்னு நினைச்சீங்க?”

என்ன நினைத்தேன்? பச்சை என்றால் நல்லது. சிக்னலில் பச்சை என்றால் போ. உலகம் முழுக்க அப்படித்தானே? எனக்கு மட்டும் ஏன் வேறு பச்சை?

சாயங்காலம் சிட்டு கணினிக்கு முன்னால் உட்காரவைத்தாள். கோடு ஒன்று ஓடியது. “பச்சைன்னா பதிவு சுத்தமா வந்திருக்குன்னு அர்த்தம் மாமா. குழந்தை நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. இதெல்லாம் பல மாசம் கழிச்சுத்தான் படிப்போம், சிகிச்சைக்கு இல்ல.” அப்புறம் கோட்டின் மேல் விரல் வைத்தாள். “சின்ன இதயம் ஏறி இறங்கித் துள்ளி ஓடணும். இது பாருங்க, ஒரே மாதிரி, சோர்ந்து போய் ஓடுது. இதுவரை எடுத்ததுலயே சுத்தமான பதிவு இதுதான். அது கஷ்டப்படறது அப்படியே தெரியுது.”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சிரித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரியிடம் சொன்னேன். மெஷின் காட்டியது, அவள் களைப்பாக இருந்தாள், வரிசை நீளம், யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று எல்லாவற்றையும் கோத்துச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குழந்தை நல்லா இருக்குன்னு நீங்க நெசமாவே நம்பினீங்களா? இல்ல, வழக்கம்போல அளந்துவிட்டீங்களா?”

 எது என்று எனக்கே தெரியவில்லை. எனக்குள் அந்த இரண்டுக்கும் நடுவில் சுவரே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

ஆராய்ச்சி வேலை நிறுத்திவைப்பு. பதிவு எடுக்கிற அறைக்குப் பூட்டு.

மார்ச் 20, வியாழன்

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இரண்டு நாளாக மனதுக்குள் ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். அதில் என் அனுபவம் வந்தது, வராந்தா வந்தது, அந்தப் பெண்ணே வரிசையைப் பார்த்து மலைத்தது வந்தது. ‘கிளியர்’ என்ற வார்த்தையே சிட்டு கொடுத்ததுதான் என்பதும் வந்தது. அதைச் சொன்னால் பாதிச் சுமை அவள் தலைக்குப் போகும்.

உட்கார்ந்ததும் வாயில் வந்தது இவ்வளவுதான்: “அசைவு கம்மின்னு அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னா. டாக்டர்கிட்டப் போக இருந்தவளை நான்தான் வீட்டுக்கு அனுப்பினேன்.”

அப்புறம் சிட்டு எழுந்தாள். “கிளியர்ங்கற வார்த்தையை அவருக்குச் சொன்னது நான். அர்த்தம் சொல்லல. திரையிலயும் பச்சைப் புள்ளி மட்டும்தான் வச்சேன். நட்சத்திரம் பார்க்கற எங்களுக்கு அது போதும். இங்க போதாதுன்னு எனக்குத் தோணல.”

வெளியே வந்ததும், “நீ ஏண்டி வாயைத் திறந்தே?” என்றேன்.

“விடுங்க மாமா. முடியல.”

இருவரும் வராந்தாவில் நடந்தோம். ஒரு மைலும் நடந்தோம்.

ஏப்ரல் 2, புதன்

பெரியவர்கள் பார்வையிடுவது தள்ளிப்போய்விட்டது. எப்போது என்று தெரியாதாம். சிட்டு காலையில் வருகிறாள், திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், போகிறாள். சாப்பிட்டாயா என்றால் ‘ம்’. அந்த ‘ம்’மை நம்புவதற்கில்லை.

ஏப்ரல் 9, புதன்

கண்ணாடிப் பெட்டி அறைக்கு வெளியே தையல்காரப் பெண்ணைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நீளும். அவள் நிறுத்தினாள்.

“நீங்க சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு பெரியவரே. அதான் கிளம்பிட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஏப்ரல் 30, புதன்

குழந்தை இன்று வீட்டுக்குப் போனான். பால் குடிக்கிறானாம். காது எப்படி, கை கால் எப்படி என்பது வளர வளரத்தான் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. எவ்வளவு வளர வேண்டும் என்று கேட்டேன். அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மே 19, திங்கள்

அறையைத் திறந்துவிட்டார்கள். பச்சைப் புள்ளி இல்லை. அந்த இடத்தில் பெரிய எழுத்தில்: ‘பதிவு முடிந்தது. குழந்தையின் நலம் இதில் தெரியாது. டாக்டரைப் பாருங்கள்.’ பதிவு எடுத்தவர்கள் எல்லோரும் நேரே டாக்டரம்மாவிடம் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று விதி. சிட்டு இரண்டு மாதம் பின்தங்கிவிட்டாள்.

என்னை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். தள்ளுவதோடு சரி. டீக்கடைக்காரர் “ஆராய்ச்சி எப்படிப் போகுது?” என்றார். நாற்காலி தள்ளுகிறேன் என்றேன். நான் ஏதோ புதுக் கதை விடப்போகிறேன் என்று காத்திருந்தார்.

ஜூன் 2, திங்கள்

மத்தியானம் ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நிறைமாதம். பாதி வராந்தாவில் தலையைத் திருப்பினாள்.

“தாத்தா, உள்ள எடுத்தாங்களே, குழந்தை நல்லா இருக்குல்ல? நீங்க எத்தனை பேரைப் பார்த்திருப்பீங்க.”

“எனக்குத் தெரியாதும்மா.”

“சும்மாவாச்சும் சொல்லுங்களேன்.”

நாக்கு நுனியில் எவ்வளவு இருந்தது! ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகம் சுருங்கிப்போனது. முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா அறை வாசலில் வரிசை பெரிதாக இருந்தது. நாற்காலியை நிறுத்தி, சக்கரத்துக்குத் தடை போட்டுவிட்டு, அவள் முறை வரும்வரை பக்கத்தில் நின்றேன். கால் கடுத்தது.