மலைப்பாதையில் ஒன்பது பெஞ்சு

தூங்குகிறவளுக்கு,

நேற்று முடி வெட்டப் போனேன் என்றது பொய். என் தலையைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாய். நீதான் கோபத்தில் இந்தப் பக்கமே திரும்பவில்லையே. மலைப்பாதைக்குப் போனேன். "சுலபமான பாதை மாமா, அத்தை முட்டி தாங்கும்" என்று மருமகன் போனில் காட்டிய படத்தை நம்ப நான் என்ன கேனையா? நடந்தே பார்த்தேன். ஒன்பது பெஞ்சு இருக்கிறது. எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். நாலாவது ஆடுகிறது, அதில் உட்காராதே. ஏற்றம் பரவாயில்லை, உன்னால் முடியும். "நீ வீட்டிலேயே கிட" என்று நான் கத்தியதை மறந்துவிடு.

மலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டுப் பிடிக்க முன்னால் போகிறேன். ரொட்டி என் பையில். ஏழு மணிக்குள் வா. பூட்டை இழுத்துப் பார்.

கீழே இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன்: உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது திரும்பிவிட்டேன். அங்கிருந்து ஏரி தெரியுமாம். அதை மட்டும் சோதிக்கவில்லை, சேர்ந்து பார்க்கலாம்.