டேப்புக்கு அந்தப் பக்கம்

ஜூன் 2, ஞாயிறு

பதினொரு மணிக்கு வாத்தியாருடைய அம்மா வீடியோ காலில் வந்தார். நான் வழக்கம்போல டேப்புக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

இந்த டேப் விவகாரத்தை இங்கே இதுவரை எழுதியதில்லை. வெட்கம்தான், வேறென்ன? வாத்தியாரும் நானும் ஆறு வருடமாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் குடும்பம் நடத்துகிறோம். அவன் அம்மாவைப் பொறுத்தவரை அவன் தனிக்கட்டை. போனுக்கு எதிரே அவன் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் பாத்திர அலமாரி. கேமராவில் எதுவரை விழும் என்று அளந்து தரையில் நீல டேப் ஒட்டியிருக்கிறான். கணக்கு வாத்தியார் அல்லவா, கோணமானி வேறு! கூட வாழ்கிறவனை ஒளித்துவைக்கக் கோணமானி பிடித்த ஒரே ஆள் இவனாகத்தான் இருப்பான்.

ஞாயிறென்றால் பெரியம்மாவும் டிரைவரும் பத்து மணிக்கே ஆஜர். பெரியம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, முறுக்கு மீசை, சொந்த சலூன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று எல்லோரையும் நச்சரிப்பதால் ஆம்பளைக்கு அந்தப் பட்டம். டிரைவர் பஸ் ஓட்டுகிறாள். அவள் காதலிக்கு ஞாயிறும் வேலை, அதனால் இவளுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா பேசும்போது நாங்கள் மூவரும் டேப்புக்கு அந்தப் பக்கம் நின்று சத்தமில்லாமல் கோமாளித்தனம் செய்வோம். வாத்தியாரைச் சிரிக்க வைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. இன்று பெரியம்மா தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். வாத்தியார் சிரிப்பை இருமலாக்கினான். "சளியாடா? வெந்நி குடி," என்றார் அம்மா.

பாத்திரம் நான் கழுவினேன்.

ஜூன் 9, ஞாயிறு

அம்மாவுக்குக் கண் மங்குகிறதாம். "எல்லாம் பாலாடை மூடுன மாதிரி இருக்கு. உன் மூஞ்சியே கலங்கலாதான் தெரியுது." நானோ கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். கை சும்மா இருக்குமா? காலண்டர் அட்டையின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி வாத்தியாருக்குப் பிடித்தேன்: கண்புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகும். பயம் வேண்டாம்.

அப்படியே ஒப்பித்தான். "உனக்கு எப்படிடா இவ்வளவு தெரியும்?"

"படிச்சேம்மா."

படித்தானாம்!

ஜூன் 11

சண்டை. முதலில் தங்கை கல்யாணம் முடியட்டும் என்றான். முடிந்து அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்தாயிற்று. அப்புறம் அப்பா போன துக்கம் ஆறட்டும் என்றான். இன்று, "ஆபரேஷன் முடியட்டும், சத்தியமா அம்மாகிட்ட சொல்லிடறேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் என்ன திருட்டுச் சாமானா, வாரா வாரம் ஒளிஞ்சு நிக்க? ஒரு தடவையாவது அந்தம்மா என்னைப் பார்க்கக் கூடாதா?

"பயமா இருக்குடா. அம்மா என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டா?" என்றான். 

ஜூன் 16, ஞாயிறு

ஆபரேஷன்தானே முடியணும்? முடித்துவிட்டால் போச்சு! இன்றைய அட்டை: தள்ளிப்போடக் கூடாது. சீக்கிரம் நல்லது. வாத்தியார் என்னை முறைத்துக்கொண்டே வாசித்தான். "உன் அக்கறையப் பாத்தா எனக்கே பயமா இருக்குடி," என்று பெரியம்மா என் காதைக் கடித்தார். எங்களுக்குள் ஆம்பளையானாலும் 'டி'தான்.

ஜூன் 23

தேதி குறித்தாயிற்று. ஜூலை மூன்று, வலது கண்.

ஜூலை 7, ஞாயிறு

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அம்மா கறுப்புக் கண்ணாடியில் போலீஸ்காரர் மாதிரி இருந்தார். வாத்தியார் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரமாம். எனக்குத் தெரியாதா இவனை!

ஜூலை 14, ஞாயிறு



அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாம் பளிச்சுனு இருக்குடா," என்றார். பெரியம்மா உற்சாகமாகி வாளியை எடுத்துவிட்டார். நான் என் பழைய மஞ்சள் சட்டையில், பிஸ்கட்டும் கையுமாக. அம்மா சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

"டேய். பின்னால அலமாரில யாரு?"

"யாருமில்லியேம்மா."

"வாளியக் கவுத்துக்கிட்டு ஆடறாரே, அவரு யாரு? மஞ்சச் சட்டை யாரு? நான் இத்தன நாளா ஏதோ துண்டு தொங்குதுன்னுல்ல நெனச்சேன். துண்டு பிஸ்கட் திங்குமா?"

அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு. டேப்புக்கு அந்தப் பக்கம் நின்ற மூன்று பேரும் அதில் தலை முதல் கால் வரை. கோணமானி பிடித்தவனுக்கும் தோன்றவில்லை, நாள் முழுக்கக் கண்ணாடி துடைக்கிற எனக்கும் தோன்றவில்லை. பெரியம்மா வாளியை விட்டு வெளியே வரவே இல்லை.

வாத்தியார் வெளுத்துப்போனான். துண்டுதாம்மா என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

"உன் கண்ணப் பத்தி எழுதிக் குடுத்ததெல்லாம் அந்த மஞ்சச் சட்டைதாம்மா. நாங்க சேர்ந்து வாழறோம்."

"சேர்ந்துன்னா?"

"நீயும் அப்பாவும் மாதிரி."

"எத்தன நாளா?"

"ஆறு வருஷமா."

போன் அணைந்தது. டிரைவர் எழுந்துபோய் எல்லாப் பாத்திரத்தையும் கழுவினாள்.

ஜூலை 18

ஏழு தடவை கூப்பிட்டுவிட்டான். அம்மா எடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. எல்லாம் நான் பண்ணின கூத்து. ஆபரேஷன் ரெண்டு மாசம் கழிச்சு நடந்திருந்தா என்ன குடி முழுகியிருக்கும்? ஏன் இப்படி அவசரப்பட்டேன்?

ஜூலை 21, ஞாயிறு

பதினொன்று. பத்து நிமிடம் போனது. பெரியம்மா வாளியைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தினார், வாளிதான் குற்றவாளி போல. பதினொன்று இருபத்தைந்துக்கு அடித்தது.

அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. மகனைப் பார்க்கவில்லை. அலமாரியைத்தான் பார்த்தார்.

"இடது கண்ணுக்கு எப்பப் பண்றது?"

வாத்தியார் வாயைத் திறந்தான்.

"உன்னக் கேக்கல. தெரிஞ்சவனக் கேக்கறேன்."

நான் பதறிப்போய் அட்டையைத் தேடினேன். டிரைவர் என் முதுகில் கைவைத்து ஒரே தள்ளு. டேப்பைத் தாண்டிப் போய் வாத்தியார் தோளைப் பிடித்து நின்றேன்.

"ஒரு மாசம் போகட்டும்மா," என்றேன். 

மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு இன்னும் ஒண்ணும் புரியல. கோவமும் போகல," என்றார். பிறகு, "அந்தச் சட்டைல ஓட்டை இருக்கு. மொதல்ல அதத் தூக்கிப் போடு."

ஜூலை 28, ஞாயிறு

பதினொன்றுக்கு அடித்தது என் போன். புதுச் சட்டையில் உட்கார்ந்து முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். சொட்டு மருந்து, பக்கத்து வீட்டுச் சண்டை, வாத்தியார் நாலு வயதுவரை விரல் சூப்பியது. அவன் நடுவில் எட்டிப் பார்த்தான். "தள்ளிப் போடா, பேசிக்கிட்டிருக்கோம்ல," என்றார் அம்மா.

டேப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று பிஸ்கட் தின்றான்.