தலைமுழுகாத பிள்ளை

லசேயா, கிரேத்தா தீவு
திராட்சை மிதிக்கும் மாதம்

என் கண்ணே மீரோன்,

நலமா? அனுப்பிய சால்வை கிடைத்ததா? பதிலே போட மாட்டேன் என்கிறாய். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

கிறிஸ்துவின் சபைகளை ஒழுங்குபடுத்த வந்திருக்கும் தீத்து, அவற்றை நடத்த ஊருக்கு ஊர் மூப்பர்களை ஏற்படுத்துகிறார் அல்லவா? இங்குள்ள சபைக்கு எல்லோரும் உன் அப்பா பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூப்பரின் பிள்ளைகளும் விசுவாசிகளாக இருக்க வேண்டுமாம். உங்கள் சாயக்காரர் சங்கம் அப்பொல்லோ கோயிலில் வைக்கும் விருந்தில் நீ உட்கார்ந்து பலி இறைச்சி தின்ற கதை இங்கே வந்துவிட்டது. "உன் மவன் கோயில் பந்தியில முத ஆளாமே!" என்று மீன்காரி சிரிக்கிறாள். விசாரிக்கச் சபைச் சகோதரர் ஒருவர் அங்கே வருகிறார். தின்னவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, ராசா. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

பயத்தோடு,
அம்மா மெலித்தா

கோர்த்தினா
முதல் மழைக்குப் பின்

அன்புள்ள அம்மாவுக்கு,

சால்வை கிடைத்தது. பந்தியில் உட்காராதவனுக்கு இங்கே வேலை இல்லை. தின்றேன். பார்த்தவர்கள் பலர், மறைக்க முடியாது. அதனால் வேறு வழி செய்தேன்.

சகோதரர் வந்து, "நிகாந்தர் மவன் நீதானே?" என்றார்.

"அவரு என்னைத் தலைமுழுகி ரொம்ப நாளாச்சுங்க. அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்றேன்.

அப்படியானால் அப்பா மூப்பராகத் தடையில்லையாம். சபையில் கேட்கும்போது அவர் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். இனி எனக்கு எழுதாதீர்கள், யார் கண்ணிலாவது பட்டால் வம்பு. சொல்லிவிட்டேனே தவிர, அன்று இரவு நீங்கள் அனுப்பிய சால்வையைத்தான் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மீரோன்

லசேயா
கப்பல்கள் கரையேறிய மாதம்

மீரோன்,

எழுதாதே என்றாய். எழுதாமல் எப்படி இருப்பேன்?

சபை கூடியது. "உங்க மகனைத் தலைமுழுகிட்டீங்களாமே, உண்மைதானா?" என்று சகோதரர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். தலையாட்டுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பெற்றவள் நான், வெட்கமாக இருக்கிறது.

"பொய்யுங்க" என்றார் அப்பா. "கோயில்ல தின்னாலும் அவன் என் புள்ள. மூப்பர் வேலைய வேற யாருக்காச்சும் குடுங்க."

துடுப்பு செய்யும் பிலோனை மூப்பராக ஏற்படுத்திவிட்டார்கள். உனக்கு எழுதியதை வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கழுதைக்குச் சேணம் கட்டப் போய்விட்டார். மழையில் போகாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா?

இந்தக் கடிதத்தை அவரிடமேதான் கொடுத்தனுப்புகிறேன். படித்தது போதும், முதலில் அவரை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடு.

அம்மா