அப்பாவின் கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு

என் தங்கமான அப்பாவுக்கு,

நாளை உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாள். தெருமுனையில் கட்டப்போகும் பேனரை நான்தான் வரைந்தேன். பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டேன். இப்போது பீளமேட்டில் ஒரு பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை. உங்களுக்கு இது பிடித்திருக்குமா?

கொடுமுடியில் செல்போனில் எடுத்த படம் ஒன்றுதான் நன்றாக இருக்கிறது. அதையும் பெரிதாக்கினால் மங்கிவிடும். அதனால் நெற்றி, கன்னம், தாடை, கழுத்து, சட்டை என்று துண்டு துண்டாக வரைந்து, நிறம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் பொருத்தினேன். முடித்துப் பார்த்தால் துண்டுகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள்.

கடை அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஸ்கிரீன்ல அப்படித்தான் தெரியும் அம்மணி. பிரிண்ட்ல வராது."

பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற கோடுகள் மெல்லிசாகவே நின்றன. தாடைக்குக் கீழே இருந்தது மட்டும் அகலமாகிக்கொண்டே போனது. அங்கே நிஜமாகவே இடைவெளி. அம்மா கண்ணுக்கு அது வெட்டுக்காயமாகத்தானே தெரியும்?

அண்ணன் பிரிண்டுக்கு அனுப்பப் போனார். "நிறுத்துங்கண்ணா" என்றேன்.

"அட, உனக்குப் பேச்சு வருமா? ஊமப்புள்ளைன்னல்ல நெனச்சுப்போட்டேன். சரி, சீக்கிரம் பண்ணு."

ஓரத்தை இழுத்து ஒட்டினால் வேறோர் இடத்தில் திறந்துகொண்டது. கடைசியில் கழுத்தைத் தாடைக்கு அடியிலும் சட்டைக்குள்ளும் நீட்டி வரைந்து, முகத்தையும் சட்டையையும் அதன்மேல் வைத்தேன். கோடு போய்விட்டது.

ஆனால் கழுத்தடியில், சட்டைக்குள் உங்களுக்கு ஒரு மச்சம் உண்டே, அது எந்தப் பக்கம்? நினைவுக்கு வரவில்லை. பயந்துபோனேன். நீங்கள் போனதிலிருந்து நானும் அம்மாவும் உங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒருவர் அழுதால் மற்றவர் தாங்கமாட்டார் என்றுதான். இருந்தும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"எடது பக்கம் கண்ணு. கைக்கொழந்தையில நீ அதையேதான் புடிச்சுக் கிள்ளுவ. 'உம்புள்ள பிச்சுப்போடும் போல'ன்னு உங்கப்பா கத்துவாரு." அம்மா சிரித்தாள். பிறகு, "பேனர்ல அது தெரியுமா?" என்றாள்.

"தெரியாதும்மா. சட்டை மூடிக்கும்."

"பரவால்ல. வெச்சுரு."

வைத்துவிட்டேன் அப்பா. நாளை பேனரைப் பார்ப்பவர்கள் யாருக்கும் அது தெரியாது.

உங்களைப் பற்றி இன்னும் என்னென்ன மறந்திருக்கிறேனோ. ஒவ்வொன்றாக அம்மாவிடம் கேட்பேன். அவள் அழுதாலும் கேட்பேன். கூடவே உட்கார்ந்து அழுவேன். இது சத்தியம்.

உங்கள் கழுத்தைக் கிள்ளிய மகள்,
பவித்ரா