ரென்செனெப் அம்மையாரின் முகம் என்னிடம் இருந்தபோது

வெள்ளப் பருவம், இரண்டாம் மாதம், நாள் 6

இன்று பள்ளியில் ஆறு பேருக்கு அடி. மற்ற ஐந்து பேருக்கும் கன்னத்தில் விழுந்தது, எனக்கு மட்டும் முதுகில். "உன் மூஞ்சில கை வச்சா அந்தம்மா என் கையை எடுத்துரும்" என்றார் ஆசிரியர் ஹோரி.

பன்னிரண்டு நாளாக என் முகம் என்னுடையது இல்லை. யாரிடமும் சொல்ல முடியாததால் பானை ஓட்டில் எழுதுகிறேன்.

ரென்செனெப் அம்மையார் சொல்லும் வயது அறுபது. முப்பது வருடமாக அவருக்குத் தலை வாரிவிடும் என் அம்மா சொல்லும் வயது எழுபத்தெட்டு. மிச்சம் இரண்டு பல். அவர் கணவர் சென்பி, களஞ்சிய அதிகாரி, இறந்து இருபது வருடம் ஆகிறது. கல்லறையில் வைப்பதற்கு இருவரையும் ஒரே கல்லில் செதுக்கத் தொடங்கினார்கள். சென்பி முடிந்துவிட்டார். பக்கத்தில் அம்மையார் நிற்க வேண்டிய இடத்தில் இருபது வருடமாக மொட்டைக் கல். "எனக்கென்ன அவசரம்" என்றே சொல்லிவந்தவருக்கு இந்த வருடம் அவசரம் வந்துவிட்டது.

கல்லில் கிழவியாக நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? பதினைந்து வயதாக வேண்டுமாம். சிற்பி இப்பி தலையைச் சொறிந்தார். "உங்க பதினஞ்சு வயசை நான் பாக்கலியேம்மா. எதையாவது பாத்தாத்தான் எனக்குக் கை ஓடும்."

அம்மையார் சுற்றிப் பார்த்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன்.

இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். நான் பள்ளியில் தொடர்ந்து படிக்கலாம், பதிலுக்கு என் முகம் அவருக்கு. "இன்னையிலேர்ந்து இது என் மூஞ்சிடி, தாபெஸ். உங்கிட்ட குடுத்து வச்சிருக்கேன். பத்திரமா வச்சுக்க."

நாள் 9

வெயிலில் போகக்கூடாது. அத்திப்பழம் கூடாது, கன்னம் உப்பிவிடும். அழக்கூடாது. இன்று குளக்கரையில் படகுக்காரன் வாத்திடம் கடி வாங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மாடியிலிருந்து சத்தம்: "அடியே! என் மூஞ்சிய வச்சுக்கிட்டு எவனப் பாத்துப் பல்லைக் காட்டுற? என் புருஷன் செத்து இருபது வருசம் ஆச்சு, எம்மேல ஒரு சொல்லு வந்தது கிடையாது!"

நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று இன்னும் தெரியவில்லை.

நாள் 10

கன்னத்தில் கொசு கடித்தது. வைத்தியர் வந்தார். இப்பியும் ஓடி வந்து, "இதையும் செதுக்கணுமா?" என்று கேட்டார்.

நாள் 15

வீட்டுப் பூனை செத்துப்போனது. வழக்கப்படி எல்லோரும் புருவத்தை மழித்தோம். இல்லை, மற்றவர்கள் மழித்தார்கள். என் முறை வந்ததும் அம்மையார் கத்தியைப் பிடுங்கினார். "அது என் புருவம். கல்லுக்கு வேணும்."

"அம்மா, பூனைக்கு மழிக்கலேன்னா பூனைத் தேவிக்கு ஆகாது" என்றாள் என் அம்மா. சண்டை. ஹோரி கோயில் பூசாரியும் என்பதால் அவரிடம் ஆள் போனது. அவர் விரலை மடக்கி மடக்கி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "இந்த முகம் அம்மையாரோடது. அம்மையார் ஏற்கெனவே மழிச்சாச்சு. ஆக இந்த முகமும் துக்கம் அனுசரிச்சாச்சு. ஒரு பூனைக்கு ரெண்டு தடவை எதுக்கு?"

இந்தத் தெருவிலேயே புருவத்தோடு திரிகிறவள் நான் ஒருத்திதான். எதிர்வீட்டுக்காரி துப்பினாள். அந்தப் பூனை என் காலடியில்தான் தூங்கும். அழவும் விடவில்லை.

நாள் 21

பயமாக இருக்கிறது.

சிலை முடிந்ததும் வாய் திறக்கும் சடங்கு நடக்கும். தச்சர்கள் மரம் செதுக்கும் வாச்சியால் உதட்டைத் தொடுவார்கள், அதோடு கல்லுக்கு மூச்சு வந்துவிடும். வழக்கமாகச் செத்த பிறகு செய்வது. ஆனால் அம்மையார், "செத்தப்புறம் யாரு பாக்கறது? நான் இருக்கும்போதே திறங்க" என்று அடுத்த மாதம் பத்தாம் நாளைக் குறித்துவிட்டார்.

பள்ளியில் பையன்கள் சொல்கிறார்கள்: மூச்சு சும்மா வராதாம். உயிர் முகத்தைப் பார்த்துத்தான் வீட்டை அடையாளம் கண்டுபிடிக்குமாம். ஒரே முகம் இரண்டு இருந்தால் ஒன்றில் ஏறிக்கொண்டு இன்னொன்றைக் காலி செய்துவிடுமாம். "பத்தாம் தேதி நீ காலி" என்றான் ஒருவன். என் எழுதுகோல்களை இப்போதே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நாள் 22

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஹோரியிடம் கேட்டேன்.

"முகத்துல ஒண்ணும் இல்லடி. கீழ யாரு பேரு வெட்டியிருக்கோ அவங்கதான் அது."

"அப்போ முகம் எதுக்குங்கய்யா?"

"பாக்க லட்சணமா இருக்க வேண்டாமா?"

"என் பேரு எங்கயாவது வெட்டியிருக்கா?"

அவர் யோசித்தார். "ரொட்டி வாங்குறவங்க பட்டியல்ல இருக்கு" என்றார்.

அப்படியென்றால் நான் செத்த பிறகு என் உயிர் எங்கே போகும்? முகத்தைத் தேடிக்கொண்டு இந்தச் சிலைக்குத்தானே வரும். வந்து பார்த்தால் வேறு பெயர். பக்கத்தில் சென்பி. எனக்கு மூன்று மடிப்பு மோவாய் உள்ள புருஷன், காலமெல்லாம். நான் அவரைப் பார்த்ததுகூட இல்லையே! அம்மையாரிடம் மெல்லச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "அவரு குறட்டை விடுவாரு. விலாவுல ஒரு இடி இடி, நிறுத்திருவாரு" என்றார்.

நாள் 28

முகம் முடிந்துவிட்டது. பார்த்தேன். நான்தான். என் கை சென்பியின் தோளில் இருக்கிறது. நான் வைக்கவில்லை.

அம்மையார் அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஈரத்துணி கேட்டு வாங்கி அதன் மூக்கில் இருந்த தூசியைத் துடைத்தார். அதே துணியால் என் மூக்கையும் துடைத்தார்.

மூன்றாம் மாதம், நாள் 3

அம்மையார் இறந்துவிட்டார்.

காலையில் அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாளாம். பாதியில் தலை சாய்ந்ததாம். அம்மா யாரையும் கூப்பிடாமல் மீதிப் பாதியையும் வாரி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

நான் அழலாமா? கேட்பதற்கு யாருமில்லை. அழுதேன்.

பத்தாம் தேதி இல்லை. இனி எழுபது நாள் உடலை உப்பில் வைத்து, அடக்கத்தன்றுதான் சடங்கு. எனக்கு எழுபது நாள் கிடைத்திருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுகிறேனே, நான் என்ன ஜென்மம்?

நாள் 19

வடக்கே அரண்மனையில் வேலை பார்க்கும் மகன் அமெனி படகில் வந்து இறங்கினார். தாய் இறந்த துக்கத்தில் தாடியோடு, ஐம்பது வயசு ஆள். நேராகச் சிலையைப் பார்க்கப் போனார். போன வேகத்தில் கத்தினார்.

"யாரு இந்தப் பொண்ணு? எங்கப்பா தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்குது?"

அவர் உட்கார்ந்து கீழே இருந்த எழுத்தைப் படித்தார். "பேரு எங்கம்மா பேரு. மூஞ்சி யாரோடது?"

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செத்தேன் என்று நினைத்தேன். நான் ஒண்ணும் செய்யல, சாமி சத்தியமா, தண்ணிக் குடத்தோட நின்னேன், அவ்வளவுதான் — வாயில் வரவேயில்லை.

அவர் அடிக்கவில்லை. என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "பழகாத மூஞ்சி. இதுக்கு முன்னாடி நான் எப்படி ரொட்டி வைப்பேன்? எங்கம்மாவுக்குச் சுருக்கம் உண்டு. என் காதைத் திருகுறப்ப ரெண்டு பல்லு தெரியும். எனக்கு அந்தம்மாதான் வேணும்."

"சின்னய்யா, கிழவியா நிக்க அவங்களுக்கு இஷ்டமில்ல" என்றாள் என் அம்மா.

"அவங்க உள்ள போயிருவாங்க. வெளிய நின்னு பாக்கப் போறது நானு" என்றார் அவர்.

இப்பி கல்லைத் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, கிழவியைக் குமரியாக்கச் சொல்லல. கல்லைக் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும்."

நாள் 24

திரும்பவும் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். "எலும்பு உன்னோடதும்மா. அதைப் பாத்தாத்தான் எங்க எவ்வளவு குழியும்னு தெரியும்" என்றார் இப்பி. அமெனியும் என் அம்மாவும் இரண்டு பக்கமும் நின்று சொல்கிறார்கள்.

"கன்னம் இன்னும் உள்ள போகணும்."

"அக்கா, கண்ணுக்குக் கீழ பை மாதிரி இருக்குமே?"

"இருக்கும் சின்னய்யா. இடதுல கொஞ்சம் பெருசு."

உளி விழும் ஒவ்வொரு முறையும் எனக்கு வலிக்கிறது. வலிப்பதாகச் சொன்னால் சிரிப்பார்கள்.

நாள் 25

எழுந்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

நான்காம் மாதம், நாள் 11

முடிந்தது. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். "அப்படியே அவங்கதான்!" "இப்ப எந்திரிச்சுத் திட்டப் போறாங்க பாரேன்!" அமெனி தன் காதைத் தடவிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு நான் தனியாக நின்று பார்த்தேன். அவர்கள் சொல்வது தப்பு. அம்மையாரின் மூக்கு அகலம், இதற்குக் கூர் மூக்கு. காது என் காது. மோவாய் என் மோவாய். இது கிழவியாகிவிட்ட நான்.

பயத்தில் ஓடி வந்துவிட்டேன்.

விதைப்புப் பருவம், முதல் மாதம், நாள் 13

அடக்கம். அமெனி வாச்சியைப் பிடித்தார், ஹோரி மந்திரம் படித்தார். நான் கூட்டத்தின் பின்னால் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன், மூச்சு அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று. வாச்சி கல்லின் உதட்டில் பட்டது.

ஒன்றும் ஆகவில்லை. மூச்சு முட்டியது, நானே கையை எடுத்துவிட்டேன்.

பிறகு எல்லோருக்கும் வாத்து வறுவல். பையன்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதுகோல்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்று குறைகிறது.

நாள் 14

இப்பியைத் தேடிப் போய், "எத்தனை வயசுக்குச் செதுக்கினீங்க?" என்று கேட்டேன். "உங்கம்மா சொன்ன கணக்குதான், எழுபத்தெட்டு" என்றார்.

எனக்குப் பதின்மூன்று. தரையில் கோடு போட்டுக் கழித்துப் பார்த்தேன். அறுபத்தைந்து வருடம். அந்தக் கல் கிழவிக்கு என் காது இருக்கிறது, என் மூக்கு இருக்கிறது. அந்த முகம் எனக்கு வரவேண்டுமென்றால் அதுவரை நான் இருந்துதானே ஆகவேண்டும்? இத்தனை நாள் இதைக் கண்டா பயந்தேன்!

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அம்மையாரின் சீப்புகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அமெனி அவளுக்கே கொடுத்துவிட்டார்.

"எழுபத்தெட்டு வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா! கல்லுலயே இருக்கு!"

சிரிப்பாள் என்று நினைத்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சீப்புகளில் ஒன்றை வெளியே எடுத்தாள்.

"அந்த வயசுல உனக்கு யாருடி தலை வாரி விடுவா?" என்றாள். "வா, உக்காரு."

உட்கார்ந்தேன். அதை நான் யோசித்திருக்கவில்லை.