ஜாமீன் குடித்தனம்

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து இப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது. கடிதத்துக்கும் இதுவே ஆரம்பமாக இருக்கட்டும். நானும் நம் வாயாடிப் பெண்ணும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே குளிர் அதிகம் என்றீர்கள், கழுத்துவலி திரும்பியிருக்குமே. படம் வரையும்போது நாற்காலியை உயர்த்திக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்? இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

என்ன இது திடீரென்று கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பாதியில் "மீட்டிங் ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறீர்கள். அந்த அப்புறம் வரும்போது நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறேன். கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் ஒப்பந்தக்கார நண்பர் எங்களுக்கென்று பார்த்து வைத்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். அதனால் என்ன? ஜன்னலைத் திறந்தால் பஸ் சத்தம் கேட்கிறது. ஒன்று போகிறது, அடுத்தது வருகிறது. நண்பர் பதறிப்போய், "சத்தம் கொஞ்சம் இருக்கும் சிஸ்டர், ஜன்னலை மூடிட்டா தெரியாது" என்றார். நான் மூடவிடவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மயக்கம் என்று நினைத்து மனுஷர் தண்ணீர் பாட்டில் வாங்க ஓடிவிட்டார்.

எனக்கு அந்த வீடு வேண்டும். ஆசையை மறைத்து எழுத இப்போது எனக்குத் தெம்பில்லை.

இங்கே எங்கள் பாடு உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரிவது வேறு, தினமும் படுவது வேறு. விடியும் முன்னே கிளம்பி, வெளிச்சமில்லாத பாதையில் நடந்து, லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையைத் தாண்டி, கை காட்டினால் நிற்குமா நிற்காதா என்று தெரியாத பஸ்ஸுக்காக நிற்கிறோம். ஏறி, மாறி, ஆஸ்பத்திரி லேபுக்குள் நுழைந்தால், ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்து காத்திருக்கிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! சாப்பிடாதவர்களின் கோபம் பொல்லாதது. அவர்களுடைய நரம்பை நான் தேடும் முன் என் மூச்சு நிதானத்துக்கு வர வேண்டும். போன வாரம் ஒரு பெரியவர், "குத்துறதுக்கு முந்தி நீங்க கொஞ்சம் உக்காருங்கம்மா" என்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். சிரிப்பு வந்தது. அப்புறம் மருந்து அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குடியிருப்பை நீங்கள் வரைந்ததில் தப்பே இல்லை. வாய்க்கால் ஓரத்துக் குடிசைக்காரர்களையும், வாடகைக்கு அலைந்தவர்களையும், நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்களையும் ஒரே மைதானத்தைச் சுற்றிக் குடிவைத்தால் ஒட்டாது, அடிதடியில்தான் முடியும் என்று உங்கள் ஆபீஸிலேயே எத்தனை பேர் சொன்னார்கள்? ஒட்டிக்கொண்டதே! எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தது எதிர் பிளாக் இஸ்திரிக்காரம்மா. அவர் வாய்க்கால் ஓரத்திலிருந்து வந்தவர். வாயாடிக்குப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தது கீழ் வீட்டுக் கணக்கு வாத்தியார். அவர் ஓய்வுப் பணத்தைப் போட்டு வீடு வாங்கியவர். நான் வேலையிலிருந்து வரும்வரை நம் பெண் இஸ்திரி மேஜைக்கு அடியில்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். உள்ளே இருக்கிற மனிதர்கள் ஒட்டிவிட்டோம். இந்தக் குடியிருப்புதான் ஊரோடு ஒட்டாமல் தனியே கிடக்கிறது.

அதற்கும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். "முதல்ல பஸ், அப்புறம் ஆளுங்க" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நீங்கள் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து உப்புத் தண்ணீரில் கொப்பளித்தது எனக்குத் தெரியும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று ஆட்களை முதலில் குடியேற்றிவிட்டார்கள். இப்போது பஸ் ஆபீஸில் கேட்டால் ஏறுவதற்கு ஆள் இல்லை என்கிறார்கள். பஸ் இல்லையென்று ஆட்கள் காலி செய்துகொண்டு போகிறார்கள். கீழே வரிசையாகக் கட்டிய கடைகளில் ஒன்றுதான் திறந்திருக்கிறது, அதிலும் தக்காளி கேட்டால் நாளைக்கு என்பார்கள். டாக்டர் வர வேண்டிய அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். அங்கே நீங்கள் பேசப் போகிற இடமெல்லாம் நம் குடியிருப்பின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டுகிறீர்களாம், வாயாடியிடம் சொன்னீர்களாம். பஸ் நிலையத்தில், மரத்தடியில், கையில் பையோடு சிரித்துக்கொண்டு நிற்கிற அந்தக் கம்ப்யூட்டர் மனிதர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர்களுக்காவது பஸ் வருகிறது போலிருக்கிறதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பஸ் நிலையத்துக்கென்று நீங்கள் விட்டுவைத்த காலி இடத்தில் போன மாதம் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த நிலம் வேறு உபயோகத்துக்குப் போகிறதாம். ஆட்சேபம் இருப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லலாமாம். கணக்கு வாத்தியார் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "ஆட்சேபம் எங்க எல்லாருக்கும் இருக்கும்மா. ஆனா நாங்க கத்தினா கூச்சல்னு சொல்லிடுவாங்க. வரைஞ்சவரே வந்து நின்னு, இது இல்லேன்னா மொத்தத் திட்டமும் படுத்துரும்னு சொன்னா எழுதிக்குவாங்க" என்றார். நான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நான் இப்ப அந்த ஆபீஸ்ல இல்ல. பழைய இடத்தை எதிர்த்துப் பேசினா நாளைக்கு யாரும் வேலை குடுக்க மாட்டாங்க. நீ சத்தமில்லாம காலி பண்ணிடு. யாராவது கேட்டா லீவுக்குப் போறோம்னு சொல்லு." வாசகம் சரிதானே? மாற்றி எழுதவில்லையே?

சரி, கணவர் சொல் தட்டாத பத்தினியாக ஆஸ்பத்திரியிலிருந்து கையுறை வந்த அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தேன். லீவுக்குப் போகிறோம், வேறெதுவும் மூச்சு விடாதே என்று வாயாடியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் நேராக இஸ்திரி மேஜைக்குப் போய், "நாங்க லீவுக்குப் போறோம், கட்டில் பீரோ எல்லாம் எடுத்துக்கிட்டு" என்று சொல்லிவிட்டாள். உங்கள் பெண்தான், சந்தேகமே வேண்டாம். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு இன்னும் வயது போதவில்லை.

அன்று சாயங்காலமே இஸ்திரிக்காரம்மா துணிகளோடு வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். நான், "பழைய சாமானை ஒதுக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, நீங்கள் முதன்முதலாக வாய்க்கால் ஓரத்துக்கு வந்து பேசிய நாளைப் பற்றிச் சொன்னார். நான் அன்று அங்கே இல்லை. நீங்களும் என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை, இல்லையா?

அந்தக் கூட்டத்தில் இவர்தான் எழுந்து கேட்டாராம்: "பஸ் வரும், டாக்டர் வருவார்ங்கறீங்க. வரலேன்னா நாங்க யாரைப் போய்ப் புடிக்கிறது சார்? ஜாமீன் யாரு?" நீங்கள் மேடையிலிருந்து இறங்கி வந்து, "நான்தான் ஜாமீன். என் பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்து உங்களோடயே குடியிருக்கேன். பஸ் வர்ற வரைக்கும் என் குடும்பம் இங்கருந்து நகராது" என்றீர்களாம். அத்தனை பேரும் கை தட்டினார்களாம். அதற்கப்புறம்தான் குடிசைகளைப் பிரிக்க ஒப்புக்கொண்டார்களாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாம் குடிவந்த அடுத்த வருஷமே உங்களுக்குக் கடல் தாண்டி வேலை வந்தது. நீங்கள் போனீர்கள். போகச் சொன்னதும் நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஜாமீன் மட்டும் இங்கேயே இருக்கிறது. ஊர் நம்புவதற்கு என்னை ஜாமீனாக வைத்தீர்களே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இத்தனை நாளும் லிஃப்ட் நின்றாலும் தண்ணீர் வராவிட்டாலும் எல்லோரும் ஏன் "பிளான் சார் வீட்டம்மா" என்று என் கதவையே தட்டுகிறார்கள் என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவர்கள் குறை சொல்ல வரவில்லை. நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போகும்போது இஸ்திரிக்காரம்மா வாசலில் நின்று சொன்னது இது: "உங்க மேல கோபமே இல்லம்மா. நீங்க படற கஷ்டத்தைத் தினம் பாக்கறேன், போறதுதான் நியாயம். ஆனா நீங்க இருக்கற வரைக்கும் பஸ் வரும்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். நீங்களே போறீங்கன்னா, வராதுன்னு சாருக்குத் தெரிஞ்சுபோச்சு. அது போதும் எங்களுக்கு."

மறுநாள் அவர் தன் தம்பியைப் பழைய வாய்க்கால் ஓரத்துக்கு அனுப்பிவிட்டார், நாலு தகரம் அடிக்க இடம் கிடைக்குமா என்று பார்த்துவர. அவர் பிளாக்கில் இருக்கிற இன்னும் சில குடும்பங்களும் கிளம்புகின்றன. அங்கே மழை வந்தால் கட்டில் மிதக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அங்கிருந்து வேலைக்கு நடந்தே போய்விடலாம். கணக்கு வாத்தியார் எங்கேயும் போக முடியாது, இருந்ததையெல்லாம் இந்தச் சுவருக்குள் போட்டுவிட்டார். என்னைப் பார்த்தால் இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறார்.

நான் தியாகி இல்லைங்க. அவர்களுக்காக இங்கேயே கிடந்து தேய்கிறேன் என்று எழுத மாட்டேன், அப்படி நினைத்துக் கண் கலங்கவும் வேண்டாம். என் முழங்கால் என்னிடம் கெஞ்சுகிறது. எனக்குப் போக வேண்டும். ஆனால் லீவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பீரோவை இறக்க என்னால் முடியாது. எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை வராது.

அதனால் உங்கள் நண்பரிடம் வீட்டை இப்போதைக்கு வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பெட்டிகள் பாதி நிரம்பி அப்படியே கிடக்கின்றன. வாயாடி அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.

நீங்கள் வர வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு வந்து, இந்த நிலத்தை எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால், அதுவும் நியாயமான பயம்தான், கூட்டத்துக்குப் போக வேண்டாம். நம் மைதானத்துக்கு வாருங்கள். வாய்க்கால் ஓரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னதைப் போல, என்னால் முடியவில்லை, பஸ் வராது என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். யாரும் கல்லெறிய மாட்டார்கள். உட்கார வைத்து டீ கொடுப்பார்கள், பயணம் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். நான் பக்கத்தில் நிற்கிறேன். அப்புறம் பட்டப்பகலில், அவர்கள் பார்க்க, பீரோவின் ஒரு பக்கத்தை நீங்கள் பிடியுங்கள், மறுபக்கத்தை நான் பிடிக்கிறேன்.

அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று நீங்கள் சொல்வதை வாயாடி இப்போதெல்லாம் திருப்பிக் கேட்பதில்லை. நானும் கேட்பதை நிறுத்தி வெகுநாளாகிறது. கோபத்தினால் இல்லை, அலுத்துவிட்டது. இங்கே எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தலைவலி மாத்திரையைக் குறையுங்கள். நீங்கள் கை வைக்கிற அந்த ஊருக்காவது முதலில் பஸ் போகட்டும், அங்கே இருக்கிறவர்கள் நன்றாக இருக்கட்டும். அவர்களிடம் மட்டும் யாரையும் ஜாமீன் கொடுத்துவிடாதீர்கள்.

கொடுத்த வாக்குக்காக வர முடியாவிட்டால், என்னைக் கூட்டிக்கொண்டு போகவாவது வாருங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி